பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வரைகிறேன்

இசையிலிருந்து அரூப ஓவியம் (உருவங்கள் இல்லாத, நிறமும் வடிவமும் மட்டுமான ஓவியம்) வரைகிறேன் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் மனதில் ஒரு காட்சி வந்துவிடுகிறது. அறை முழுக்கப் பாட்டு ஓடுகிறது, ஓவியர் கண்ணை மூடிக்கொண்டு தூரிகையை வீசுகிறார். அப்படி வரைபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது கைகொடுக்கிறது. என் வேலை அப்படி நடப்பதில்லை. கேட்பது ஒரு வேலை, வரைவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் பாட்டுதான் ஜெயிக்கும். கை தாளத்துக்கு ஆடும், மனசு நிறைந்திருக்கும், கித்தானில் என்ன விழுகிறது என்று கண் கவனிக்காது. பாட்டு நின்ற பிறகு பார்த்தால், கேட்கும்போது இருந்த சுகத்தில் பாதிகூடப் படத்தில் இருக்காது. அந்தச் சுகம் அறையில் இருந்தது, வண்ணத்துக்குள் வந்து சேரவில்லை.

இசை நேரத்தில் நடக்கிறது. அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தையது போய்விட்டது. கேட்பவருடைய நினைவில்தான் இரண்டும் சேர்கின்றன. ஓவியமோ எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கண் முன்னால் வைத்துவிடுகிறது. நீண்ட ஆலாபனையிலிருந்து வரைந்த படத்தையும் ஒருவர் ஒரு நொடியில் பார்த்துவிட்டுப் போய்விடலாம். அதனால் "இந்தப் பாட்டுக்கு என்ன நிறம்?" என்ற கேள்வியிலிருந்து நான் தொடங்குவதில்லை. பார்ப்பவருடைய கண்ணை எப்படி மெதுவாக்குவது, எங்கே நிறுத்துவது, எங்கே திரும்ப அழைத்து வருவது என்று யோசிக்கிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் கேட்பது. ஒரு உருப்படியை, அதாவது ஒரு பாட்டையோ ஆலாபனையையோ, தேர்ந்தெடுத்துவிட்டால் பல நாட்கள் அதையே கேட்பேன். ஆரம்பத்தில் கையில் ஒன்றும் இருக்காது. ஓரளவு மனதில் படிந்த பிறகு, நீளமான காகிதச் சுருளை மேசையில் விரித்து, இடமிருந்து வலமாக நேரம் நகர்வதாக வைத்துக்கொண்டு, கேட்டபடியே பென்சிலால் கோடு இழுப்பேன். குரல் மேலே போனால் கோடு மேலே போகும். ஒலி பெருத்தால் அழுத்தம் கூடும். நிறுத்தம் வந்தால் பென்சிலைத் தூக்கிவிட்டுக் கையை மட்டும் அதே வேகத்தில் நகர்த்துவேன், காகிதத்தில் அந்த இடம் வெறுமையாக விழும். அடுத்த முறை கேட்கும்போது புதுச் சுருள். இந்தத் தடவை கவனிப்பது வேறு: எந்தப் பிடி (சிறு ஸ்வரத் தொடர்) திரும்பத் திரும்ப வருகிறது, திரும்பும்போது என்ன மாறியிருக்கிறது, எந்த இடத்தில் நெரிசல், எங்கே வந்து இறங்குகிறது. இப்படிச் சில சுருள்கள் சேர்ந்ததும் ஒன்றின் கீழ் ஒன்றாக விரித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கும் மேடு பள்ளங்கள் தெரியும். படத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு அதுதான்.

அந்தச் சுருளில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட எழுதுவதில்லை. "சோகம்" என்று எழுதிவிட்டால் கை தானாக நீலத்தைத் தேடும், "உற்சாகம்" என்றால் மஞ்சளும் ஆரஞ்சும் வந்து நிற்கும். அவை ஊரறிந்த அர்த்தங்கள், நான் கேட்ட பாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. "மேலே நீண்ட நேரம் நின்றது, இறங்கும்போது வேகமாக இறங்கியது" என்று எழுதினால் வரைவதற்கு ஏதோ கையில் இருக்கும்.

(ஹெட்ஃபோனில் மணிக்கணக்காகக் கேட்பவர்கள் ஒலி அளவைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல். காது நமக்கு ஒரு கருவி. தூரிகையைக் கழுவி வைக்கிற அக்கறை அதற்கும் வேண்டும்.)

நிறத்துக்கும் ஒலிக்கும் நிலையான அகராதி இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை என்பதே என் அனுபவம். அரூப ஓவியத்தின் முன்னோடியான காண்டின்ஸ்கி தன் புத்தகத்தில் வெளிர் நீலத்தைப் புல்லாங்குழலுக்கும், அடர் நீலத்தை செல்லோவுக்கும் ஒப்பிட்டார். மஞ்சள் அவருக்கு எக்காளம்போலக் கேட்டது. ஆனால் ரஷ்ய இசையமைப்பாளர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: ரிம்ஸ்கி கோர்சகோவுக்கு சி மேஜர் (மேற்கத்திய இசையின் ஒரு ஸ்வர வரிசை) வெள்ளையாகத் தெரிந்தது, ஸ்க்ரியாபினுக்கு அதே சி மேஜர் சிவப்பு. இவ்வளவு நுட்பமான காது உள்ளவர்களே ஒத்துப்போகவில்லை என்றால், ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து வரைவதில் பயன் இல்லை. ஒரு படத்துக்குள் நிறங்களுக்கு இடையே உள்ள உறவு சரியாக இருந்தால் போதும். அடுத்த படத்தில் அதே நிறம் வேறு வேலை செய்யலாம்.

அந்த உறவைப் பழகுவதற்கு ராகத்தைவிட நல்ல ஆசான் எனக்குக் கிடைக்கவில்லை. மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள்: ச, ரி, க, ப, த. அதில் 'க' என்ற காந்தாரத்தை மட்டும் மாற்றி, அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தை வைத்தால் சிவரஞ்சனி ராகம். மற்ற நாலும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் நாலுமே வேறு மாதிரி கேட்கின்றன. இதை அப்படியே ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிறங்களை மட்டும் கலந்து கிண்ணங்களில் வையுங்கள். அவற்றை வைத்து ஒரு சிறிய படம் வரையுங்கள். பிறகு ஒரு நிறத்தை மட்டும் மாற்றி, அதே அமைப்பை இன்னொரு காகிதத்தில் வரையுங்கள். மாற்றுவது பெரிதாக இருக்க வேண்டாம், சூடான மஞ்சளுக்குப் பதில் பச்சை சாயும் மஞ்சள் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நீங்கள் தொடாத நாலு நிறங்களும் மாறியதுபோலத் தெரியும். பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் கண் ஒரு நிறத்தை மதிப்பிடுகிறது என்பதை செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839-இல் புத்தகமாகவே எழுதினார். சாயப் பட்டறையில் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராயப்போய், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டவர் அவர். இந்தப் பயிற்சியை நான் இன்றைக்கும் செய்கிறேன். ஐந்துக்கு மேல் ஆறாவது நிறம் வேண்டும் என்று கை அரிக்கும்போது, அந்த ஐந்துக்குள்ளேயே கலந்து தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சுருதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தம்புரா கேட்டுக்கொண்டே இருக்கும், யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை, ஆனால் அது நின்றால் எல்லாம் அந்தரத்தில் தொங்கும். என் படங்களில் அந்த இடம் அடிநிறத்துக்கு. வெள்ளைக் கித்தானில் நேரடியாக ஆரம்பிப்பதில்லை. ஜெஸ்ஸோ (கித்தானைத் தயார்செய்யும் வெள்ளை அடிப்பூச்சு) காய்ந்த பிறகு முழுப் பரப்புக்கும் ஒரு நடுத்தர அடர்த்தி நிறத்தை மெல்லியதாகப் பூசிவிடுவேன். மேலே எது வந்தாலும் சில இடங்களில் இந்த அடி எட்டிப் பார்க்கும்படி விட்டுவைப்பேன், குறிப்பாக இரண்டு வடிவங்கள் சந்திக்கும் விளிம்புகளில். தனித்தனியாக நிற்கும் நிறங்கள் ஒரே படமாகச் சேர்வதற்கு இந்தக் கீற்றுகள் நிறைய உதவுகின்றன.

தோடி ஆலாபனை ஒன்றிலிருந்து வரைந்த படத்தைச் சொன்னால் கை வேலை எப்படி நடக்கிறது என்று புரியும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஆட்டத்தை எடுத்துவிட்டு நேராகப் பிடித்தால் தோடியாகவே கேட்காது. சுருளில் அந்த இடங்களில் பென்சில் நடுங்கிக்கொண்டு போயிருந்தது. இதைக் கித்தானில் எப்படிக் கொண்டுவருவது? அலை அலையாகக் கோடு போட்டால் அது கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அந்த ஆட்டத்தின்) விளக்கப்படமாக ஆகிவிடும். அதனால் ஆட்டத்தை விளிம்பில் வைத்தேன். கரும்பழுப்புப் பரப்பு ஒன்று, அதற்கு மேலே துருச்சிவப்புப் பரப்பு ஒன்று. இரண்டும் ஈரமாக இருக்கும்போதே, அகலமான உலர்ந்த தூரிகையை அழுத்தாமல் விளிம்பின் மேல் வைத்து இடமும் வலமும் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துணியில் துடைத்தேன். துடைக்காவிட்டால் இரண்டு நிறமும் கலந்து சேறாகிவிடும். துடைத்து இழுத்தால் மயிர்க்கோடுகளாகச் சிவப்பு பழுப்புக்குள்ளும், பழுப்பு சிவப்புக்குள்ளும் போய் நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் முடிவெடுக்க முடியவில்லை. மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டே இருக்கிறது. காந்தாரம் அங்கேதான் இருந்தது. மற்ற விளிம்புகள் எல்லாவற்றையும் பேலட் கத்தியால் கூர்மையாக வெட்டி விட்டேன். எல்லா விளிம்பும் ஆடினால் எந்த விளிம்பும் ஆடுவதாகத் தெரியாது.

இந்த வேலைக்கு எண்ணெய் வண்ணம்தான் சரி. அது காய நாட்கள் ஆகும், திரும்பிப் போய் விளிம்பைத் தொடலாம். அக்ரிலிக் மெல்லிய பூச்சில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சேர்க்கலாம், அப்போதும் எண்ணெயின் பொறுமை வராது. ஆனால் வேகமான உருப்படி, அடுக்கு அடுக்காகத் தாளம் ஏறும் பகுதி என்றால் அக்ரிலிக்கைத்தான் எடுப்பேன். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது, கீழே உள்ளது கலங்காது. அக்ரிலிக் ஈரத்தில் பால்போல வெளிறியிருக்கும், காய்ந்ததும் சற்றுக் கறுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகே கித்தானுக்குப் போக வேண்டும். எண்ணெயில் அடுக்கு வைத்தால், கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிவிட்டால் நாளடைவில் மேல்பூச்சு வெடிக்கும்.

பல குரல்கள் ஒரே நேரத்தில் ஓடும் மேற்கத்திய இசையிலிருந்து வரையும்போது அடுக்குகள் இன்னும் முக்கியம். ஒன்று இன்னொன்றை மறைக்காமல் இரண்டும் தெரிய வேண்டும். இதற்கு ஓவியர் பால் க்ளேயின் 1932-ஆம் ஆண்டு ஓவியம் 'ஆட் பர்னாஸும்' நல்ல பாடம். கீழே மங்கலான வண்ணச் சதுரங்கள், அவற்றின் மேல் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், அதற்கும் மேல் சில அழுத்தமான கோடுகள். ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் போகிறது, மூன்றும் சேர்ந்தே தெரிகின்றன. க்ளே வயலின் கலைஞர், இசைக் குடும்பத்தில் பிறந்தவர். படத்தின் பெயரே இசையமைப்பாளர் ஃபுக்ஸ் 1725-இல் எழுதிய எதிரிசைப் (பல குரல்களை ஒன்றோடொன்று பின்னும் கலை) பாடநூலை நினைவூட்டுவது. இதைப் பார்த்துத்தான் நான் அளவு வேறுபாட்டின் பலத்தைப் புரிந்துகொண்டேன். எல்லாக் குரலையும் ஒரே அளவு வடிவங்களால் வரைந்தால் அவை அடித்துக்கொள்ளும். ஒன்று பெரிய பரப்பு, ஒன்று சிறிய புள்ளி, ஒன்று கோடு என்று பிரித்துவிட்டால் கண் அவற்றைத் தனித்தனியாகத் தொடர்ந்து போகிறது.

தாளத்துக்கு வருவோம். சம இடைவெளியில் கோடு போட்டுவிட்டால் தாளம் வந்துவிடும் என்று தோன்றும். வருவது சுவர்க்காகிதம். கச்சேரியில் பாடுபவர் கையால் தாளம் போட்டாலும், ஆதி தாளத்தின் எட்டு அக்ஷரமும் (எட்டு எண்ணிக்கையும்) ஒவ்வொன்றாகக் காதில் விழுவதில்லை. அது கேட்பவர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு அதற்கு முன்னும் பின்னும் விலகி எடுக்கும்போதுதான் உயிர் வருகிறது. அதனால் கரித்துண்டால் கித்தானில் ஒரு கட்டத்தை நானும் போடுவேன், எட்டாகவோ, ஐந்து எண்ணிக்கை உள்ள கண்ட சாபு தாளம் என்றால் இரண்டும் மூன்றுமாகப் பிரித்தோ. வடிவங்களை அந்தக் கோடுகளிலேயே உட்கார வைப்பதில்லை. பாதி இடம் தள்ளி எடுப்பதுபோல, கோட்டுக்குச் சற்று முன்போ பின்போ வைப்பேன். ஒன்றிரண்டு மட்டும் சரியாகக் கோட்டில் விழும், சமத்துக்கு (தாளச் சுற்று தொடங்கும் இடத்துக்கு) வந்து சேர்வதுபோல. கடைசியில் கட்டம் முழுக்க மூடப்பட்டுவிடும். பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது, ஆனால் விலகல் எதிலிருந்து என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது என்று முடிவெடுக்க ஓவியர் மோன்ட்ரியான் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார். ஜாஸ் இசையிலும் நடனத்திலும் பெரும் ஈடுபாடு உள்ளவர். 1940-இல் நியூயார்க் வந்த பிறகு 'பிராட்வே பூகி வூகி'யை 1942-43-இல் வரைந்தார். அதை அடுத்து அவர் முடிக்காமல் விட்ட 'விக்டரி பூகி வூகி'யில் வண்ண நாடாத் துண்டுகள் இன்றும் ஒட்டியபடியே இருக்கின்றன. வண்ணம் பூசும் முன் நாடாவை ஒட்டி, நகர்த்தி, மறுபடி ஒட்டிப் பார்த்திருக்கிறார். நானும் வண்ணம் பூசிய காகிதத் துண்டுகளை ஒட்டுநாடாவால் கித்தானில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்ப்பேன். ஒரு விரற்கடை நகர்ந்தாலே தாளம் மாறிவிடுகிறது. வண்ணம் பூசிய பிறகு இதைச் செய்ய முடியாது.

மௌனம்தான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி, கடினமானதும் அதுவே. நிறுத்தத்துக்கு வெள்ளை இடம் விட்டால் போதும் என்று தோன்றும். அடர்ந்த நிறங்களுக்கு நடுவே வெள்ளைதான் படத்திலேயே சத்தமான இடம், கண் முதலில் ஓடுவது அங்கேதான். மௌனம் வேண்டுமென்றால் அந்த இடம் பக்கத்து நிறத்துக்கு அடர்த்தியில் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். நிறம் மாறலாம், வெளிச்ச அளவு மாறக் கூடாது. இதைச் சோதிக்கக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு பரப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அங்கே கண் ஓய்வெடுக்கும். இந்த இடங்களை வேலை ஆரம்பிக்கும்போதே ஒதுக்கிவிடுவது நல்லது. கடைசியில் மிஞ்சிய இடம் மௌனமாக இருப்பதில்லை, காலியாக இருக்கும்.

நீண்ட உருப்படியை ஒரே கித்தானில் அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லிதுவேனியாவின் சுர்லியோனிஸ் இசையமைப்பாளராகவும் ஓவியராகவும் இருந்தவர். தன் ஓவியங்களுக்கு சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட மேற்கத்திய இசை வடிவம்) என்று பெயரிட்டு, அதன் பகுதிகளைப்போலவே அலெக்ரோ (வேகமானது), அந்தாந்தே (நிதானமானது), ஃபினாலே (முடிவு) என்று பகுதி பகுதியாகவே வரைந்தார். 1908-இல் வரைந்த கடல் சொனாட்டா அப்படி மூன்று படங்கள். பார்ப்பவர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வேண்டியிருப்பதால், ஓவியத்துக்கு இல்லாத நேரம் அங்கே உள்ளே வந்துவிடுகிறது. ஆலாபனை, தானம், பல்லவி என்று விரியும் ஒன்றை எடுத்தால் நானும் தனித்தனிப் பலகைகளாகவே பிரிக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிநிறம் ஒன்றே.

படம் முடிந்ததா என்று பார்க்கும்போதுதான் மறுபடி பாட்டைப் போடுகிறேன், அதுவும் சில வாரங்கள் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்த பிறகு. முதலில் பாட்டு இல்லாமல் பார்ப்பேன். எங்கே கண் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் பாட்டோடு. பாட்டு ஓடும்போது மட்டும் படம் நன்றாக இருந்தால் அது இன்னும் முடியவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருவர் முன்னாலும் படம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

காண்டின்ஸ்கி 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வரைந்த 'இம்ப்ரெஷன் 3' அப்படி நிற்கிறது. அதற்கு முந்தைய கரிக்கோட்டுப் படங்களில் பியானோவும், உட்கார்ந்திருக்கும் ஆட்களும் அடையாளம் தெரிகிறார்கள். ஓவியத்தில் கறுப்புத் திரள் ஒன்றும், அதை மோதிக்கொண்டு பரவும் மஞ்சளுமே மேலோங்குகின்றன. எதை விட்டுவிட்டார் என்று இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது, கற்றுக்கொள்பவர்களுக்கு மிக நல்ல வகுப்பு.

காட்சிக்கு வைக்கும்போது அறையில் அந்த இசையை ஒலிக்கவிடச் சொல்லி யோசனைகள் வரும். நான் சம்மதிப்பதில்லை. பார்ப்பவர் காதில் விழுவதைப் படத்தில் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார். ராகத்தின் பெயரைத் தலைப்பாக வைப்பதையும் இந்தக் காரணத்துக்காகவே குறைத்துவிட்டேன். கித்தானின் பின்பக்கத்தில் ராகம், தாளம், எந்த வாத்தியம், எந்தெந்த நிறக்கலவை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். பிறகு பழுது பார்க்கவும், தொடர்ச்சியாக இன்னொன்று வரையவும் அது வேண்டியிருக்கிறது.

இசை முறையாகத் தெரிந்திருக்க வேண்டுமா என்றால், பாடத் தெரிய வேண்டாம், கேட்கத் தெரிய வேண்டும். கையால் தாளம் போட்டுக்கொண்டு ஒரு உருப்படியை முழுக்கத் தொடர்வதைப் பழகுங்கள். இன்னொன்றும் சொல்வேன்: கச்சேரியைவிட சாதகம் (இசைக் கலைஞர்கள் செய்யும் அன்றாடப் பயிற்சி) ஓவியருக்கு அதிகம் சொல்லித்தரும். கச்சேரியில் எல்லாம் இழைந்து போய்விடும். சாதகத்தில் ஒரே பிடியைப் பத்து விதமாக எடுப்பார்கள், பாதியில் நிறுத்துவார்கள், வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குவார்கள். எது எதோடு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும். தெரிந்தவர் யாராவது பாடவோ வாசிக்கவோ கற்றுக்கொண்டிருந்தால், அவர் பயிற்சி செய்யும் நேரத்தில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஆள் இருந்தால் கூச்சம் என்று அவர் சொன்னால், ஒரு நாள் சாதகத்தைப் போனில் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.